பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. பெயர் தெய்வாத்தாள். கருமத்தம்பட்டியில் எட்டு விசைத்தறி ஓடுகிற வீடு. 1994இல் பீளமேட்டில் ஒரு என்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் அறுபத்திரண்டு பேர். அதில் பெண்கள் இரண்டே பேர், நானும் தாஜுன்னிசாவும். அவள் கோட்டைமேட்டுக்காரி. அவளுக்குக் கோபமே வராது. எனக்கும் சேர்த்துப் பொறுமை வைத்திருந்தாள்.

மூன்றாம் ஆண்டு முடிந்ததும் கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஆறு வாரம் பயிற்சி எடுக்க வேண்டும். இன்பிளான்ட் டிரெயினிங் என்போம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் டிகிரி கிடையாது. பையன்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒருவனுக்கு மாமன் பம்ப் கம்பெனி வைத்திருப்பார், இன்னொருவனுக்குச் சித்தப்பா மோட்டார் கம்பெனி. "நம்ம பையனுங்க" என்று ஒரு வார்த்தை போதும், கதவு திறக்கும். பெண்களுக்குக் கல்லூரி ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. கல்லூரி ஒர்க்ஷாப்பிலேயே ஆறு வாரம் உட்காரவைத்து ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும்.

எங்களுக்கு இரண்டு செட் முன்னால் படித்த பங்காரம்மா அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டுதான் போனார். வகுப்பில் முதல் மாணவி. முதல் இன்டர்வியூவில் அதைப் பார்த்த ஆள், "ஏம்மா, நீ ஒரு பேக்டரியோட உள்பக்கம்கூடப் பாத்ததில்லையா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இப்போது அன்னூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார்.

எனக்கு அந்தக் காகிதம் வேண்டாம். எனக்கு பவுண்டரி வேண்டும். எங்கள் வீட்டுத் தறியில் ஒரு வார்ப்புப் பல்சக்கரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடையும். அப்பா தலையில் கை வைத்து உட்காருவார், புதுசு வாங்கி மாட்டுவார், அதுவும் உடையும். இந்தச் சனியன் ஏன் உடைகிறது என்று பத்து வயதிலிருந்தே எனக்கு ஒரு ஆத்திரம். இரும்பை உருக்கி ஊற்றுகிற இடத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

1993 டிசம்பரில் பயிற்சிகளுக்குப் பொறுப்பான பேராசிரியர் கிருபாசங்கரிடம் போய் நின்றேன்.

"நாம கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கறதுக்குப் பதிலா, எல்லாக் கம்பெனிக்காரங்களையும் ஒரு நாள் காலேஜுக்கு வரச் சொன்னா என்னங்க சார்? ஆளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தா, அங்கேயே பசங்களைப் பாத்து எடுத்துக்குவாங்க."

சார் நல்ல மனிதர்தான். யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார், சொல்லாமலே இல்லையாக்கிவிடுவார். "நல்ல ரோசனைதான் அம்மணி. ஆனா வேலை பூராவும் நீங்களேதான் பாத்துக்கோணும்" என்றார். பார்த்துக்கொண்டோம். எங்கள் வகுப்புப் பிரதிநிதி மோகன்குமாரும் சேர்ந்துகொண்டான். நோட்டீஸ் போர்டில் அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. பசங்கள் வாயில் அது கம்பெனிச் சந்தை ஆகிவிட்டது.

முதலில் நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, அறுபது கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் அழகழகாகக் கடிதம் அடித்து, கல்லூரி முத்திரை குத்தித் தபாலில் போட்டோம். ஒரு மாதம் காத்திருந்தோம். மூன்று பதில் வந்தது. அதில் ஒன்று, விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்த எங்கள் கடிதமே.

மோகன்குமார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "என்ற மாமனே வரமாட்டேங்கறாரு. பெரிய பம்ப் கம்பெனி வச்சிருக்கறாரு, சொந்தத் தாய்மாமன், வரமாட்டேங்கறாரு!"

"ஏனாம்?"

"'ஏண்டா, கரண்டு பில்லு வர்ற மாதிரி தபால்ல கூப்புட்டா வந்து நிக்கறதுக்கு நானென்ன போக்கத்தவனா? ஊடு தேடி வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?'ன்னு காச்சிப்போட்டாரு."

தாஜுன்னிசா அப்படியே பெஞ்சில் சாய்ந்து சிரித்தாள். "எங்க ஊட்லயும் அதானே தெய்வா! தபால்ல பத்திரிகை வச்சா எங்க அத்தாவோட கூடப்பொறந்தவரே வரமாட்டாரு. இது நமக்குத் தோணாமப் போச்சே!"

கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்துவிட்டு, நேரில் போய் அழைக்காமல் ஒறம்பரை, சொந்தபந்தம் எதுவும் வராது என்பதை மறந்த கழுதைகள் நாங்கள். நாலு எழுத்து படித்ததும் புத்தி எங்கேயோ போய்விட்டது.

மறுநாளே ஒரு பித்தளைத் தட்டு வாங்கினேன். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய அழைப்பிதழ். தாஜுன்னிசாவின் அண்ணனுடைய டிவிஎஸ் ஐம்பதை அவள் ஓட்ட, பின்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான். கணபதி, ஆவாரம்பாளையம், சிங்காநல்லூர் என்று இருபது நாள் சுற்றினோம். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான்.

"கண்ணாலம் யாருக்குங்க அம்மணி?"

"கண்ணாலம் இல்லீங்க, டிரெயினிங்குங்க!"

சிரிப்பார்கள். காபி கொடுப்பார்கள். எங்கள் அப்பா பேரைக் கேட்பார்கள், எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கேட்பார்கள், தாஜுன்னிசாவிடம் "உங்கத்தாவுக்கு உக்கடத்துல கடைங்களா?" என்று கேட்பார்கள். கடைசியில், "நீங்களே நேர்ல வந்துபோட்டீங்க, வராம இருப்பனுங்களா?" என்பார்கள். முப்பத்தேழு கம்பெனி வருவதாகச் சொன்னது. மோகன்குமாரின் மாமனும் சொன்னார்.

கணபதியில் பாலுசாமி என்பவருடைய பவுண்டரிக்கும் போனோம். பெரிய இடம். உள்ளே நுழைந்ததும் கருகிய மண் வாசம். முப்பது பெண்கள் இருப்பார்கள், தலையில் சும்மாடு, கூடை கூடையாக அச்சுக்கு மண் சுமந்துகொண்டிருந்தார்கள். பாலுசாமி வெள்ளை வேட்டி சட்டையில் எழுந்து நின்று, தாம்பூலத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "படிக்கற புள்ளைங்களுக்கு நாமதானுங்களே வழிகாட்டோணும். கட்டாயம் வாரேன்" என்றார். எனக்கு அன்று இரவெல்லாம் சந்தோஷம்.

பிப்ரவரி பதினெட்டு, வெள்ளிக்கிழமை. டிராயிங் ஹாலில் முப்பத்தேழு மேசை, ஒவ்வொன்றிலும் கம்பெனி பெயர் எழுதிய அட்டை. வாசலில் வாழை மரம் கட்டியிருந்தோம். காலை ஏழரைக்கு நோட்டீஸ் போர்டில் இன்டர்வியூப் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் வகுப்போடு பக்கத்துப் பிரிவுப் பையன்களும் சேர்ந்து நூற்றுப் பதினாறு பெயர். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தேன். என் பெயர் இல்லை. தாஜுன்னிசாவின் பெயரும் இல்லை. பக்கத்தில் இன்னொரு காகிதம். வரவேற்பு: செல்வி தெய்வாத்தாள், செல்வி தாஜுன்னிசா. பன்னீர், சந்தனம், கற்கண்டு.

காது மடல் சூடாகிவிட்டது எனக்கு. நேரே கிருபாசங்கர் சாரிடம் போனேன்.

"என்னங்க சார் இது?"

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. கம்பெனிக்காரங்க லேடீஸ் வேணும்னு கேக்கலை. வந்த எடத்துல அவிங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதில்ல? உங்க ரெண்டு பேருக்கும் நம்ம ஒர்க்ஷாப்லயே சர்ட்டிபிகேட் போட்டுக்கலாம், நான் பாத்துக்கறேன்."

"இந்தச் சந்தையைக் கூட்டினதே நாங்கதானுங்க சார்."

"அதனாலதான் முன்னாடி நிக்கற கவுரவமான வேலையை உங்களுக்குக் கொடுத்திருக்கறேன்" என்றார். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு மணி நேரம் வாசலில் நின்றேன், மறுக்கவில்லை. நான் தட்டு வைத்து அழைத்த ஆட்கள், வாசலில் வரவேற்காமல் விட்டால் அது என் வீட்டு மரியாதைக்குறைவு. வெள்ளிப் பன்னீர்ச் செம்பை ஆட்டி ஆட்டித் தெளித்தேன். "வாங்க, வாங்க" என்றேன். தாஜுன்னிசா சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். முப்பத்தேழு கம்பெனியும் வந்தது. கடைசி ஆள் மேல் பன்னீர் தெளித்து முடித்ததும் செம்பைக் கீழே வைத்தேன்.

"எங்கடி போற?" என்றாள் தாஜுன்னிசா.

"இன்டர்வியூவுக்கு."

"பேரு இல்லையே!"

"வாயி இருக்குதில்ல?"

ஹாலுக்குள் போனேன். பாலுசாமியின் மேசை முன்னால் நாலு பையன்கள் நின்றிருந்தார்கள். ஐந்தாவதாக நின்றேன். அந்தப் பையன்கள் என்னைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் முறை வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பயோடேட்டாவை நீட்டினேன்.

"அடடே, அம்மணி! நீங்க வாசல்லயில்லீங்களா நின்னுட்டிருந்தீங்க?" என்றார் பாலுசாமி.

"அந்த வேலை முடிஞ்சுதுங்க. இது என்ற வேலை."

அவர் காகிதத்தைப் பொறுமையாகப் படித்தார். "மார்க்கெல்லாம் ரொம்ப நல்லா வாங்கியிருக்கறீங்க. சந்தோசமுங்க. ஆனா தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி. பவுண்டரிங்கறது நெருப்புல வேலை. அதுவுமில்லாம, பொம்பளைப் புள்ளைங்களுக்குப் பாத்ரூம் வசதி இல்லீங்க எங்ககிட்ட. ஒரு நல்ல குடும்பத்துப் புள்ளையை அங்க கொண்டாந்து வச்சுட்டு, நாளைக்கு உங்கப்பாருக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

எங்கள் பக்கம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'போய்ட்டு வாங்க' என்று சொல்லித்தான் தள்ளுவார்கள். பாதிப் பேர் அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வருவார்கள். எனக்கும் வாய் வரை 'சரிங்க' வந்துவிட்டது. பங்காரம்மா அக்கா ஞாபகம் வந்தது. எழுந்திருக்கவில்லை.

"நெருப்பைப் பத்தி நான் கேக்கலைங்க, அது எனக்குத் தெரிஞ்சுதான் வந்திருக்கறேன். பாத்ரூமைப் பத்தி ஒண்ணு கேக்கறேன். உங்க பவுண்டரியில முப்பது பொம்பளைங்க மண்ணு சுமக்கறாங்க. அவிங்க எங்கீங்க போறாங்க?"

நான் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். தறிக்குடோனில் வளர்ந்தவளுக்கு மெதுவாகப் பேச வராது. இரண்டு பக்கத்து மேசைகளிலும் பேச்சு நின்றுவிட்டது.

"அவிங்க கூலிக்கு வர்றவிங்க அம்மணி" என்றார் பாலுசாமி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "பதினைஞ்சு வருசமா வர்றாங்க. அவிங்களுக்குப் பழகிப்போச்சுங்க."

"அதெல்லாம் யாருக்கும் பழகாதுங்க. கேக்கறதுக்கு ஆளில்லாம அடக்கிட்டு இருக்கறாங்க."

"தெய்வாத்தா!" கிருபாசங்கர் சார் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "எந்திரிச்சு வெளிய வா. கெஸ்டுகிட்ட என்ன நாயம் பேசிட்டிருக்கற? பெரியவங்க மன்னிச்சுக்கோணுங்க, புள்ளைக்குப் பேசத் தெரியலை."

எனக்குப் பயமாகவும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சார் நினைத்தால் என் டிகிரியே தொங்கிப்போகும். ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவு கோபம்.

"இருங்க சார். அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுப்போட்டுப் போறேன்." பாலுசாமியைப் பார்த்தேன். "நான் தட்டு வச்சுக் கூப்புட்டபோது எந்திரிச்சு நின்னு வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க. படிக்கற புள்ளைங்களுக்கு வழிகாட்டோணும்னு சொன்னீங்க. நான் படிக்கற புள்ளை இல்லீங்களா? என்ற கையால தாம்பூலம் வாங்கிட்டு, என்னையே ஆகாதுன்னா, அது மரியாதைங்களா?"

பக்கத்து மேசையில் மோகன்குமாரின் மாமன் இருந்தார். வாய் நிறைய வெற்றிலையோடு கடகடவென்று சிரித்தார். "ஏம்ப்பா பாலு, வெத்தலை வாங்கியாச்சு. இனி எங்க ஓடறது?"

நாலைந்து முதலாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். பாலுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. பேனாவை எடுத்து, பயிற்சிக்கு ஆள் எடுக்கிற தாளில் என் பெயரை எழுதினார். அவர் மனம் மாறிக் கையெழுத்துப் போட்டார் என்று நான் கதை விடமாட்டேன். சக தொழில்காரர்கள் முன்னால் மானம் போகக் கூடாது என்றுதான் போட்டார். எனக்கு அதுவே போதும்.

"ரெண்டு பேருன்னு போடுங்க சார்" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். தாஜுன்னிசா, சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மே மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு பவுண்டரிக்குப் போனோம். மதில் ஓரம் புதிதாக ஒரு கழிப்பறை கட்டியிருந்தது. சுண்ணாம்பு ஈரம்கூடக் காயவில்லை. பச்சைத் தகரக் கதவு, அதில் ஒரு பெரிய பூட்டு. போர்மேன் ஓடி வந்து சாவியை என் கையில் கொடுத்தார்.

"முதலாளி உங்ககிட்டயே கொடுக்கச் சொன்னாருங்க. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டுப் பூட்டிப்போடுங்க. இல்லீன்னா மத்ததுக எல்லாம் நுழைஞ்சு நாறடிச்சுப்போடும்."

மற்றதுகள் அங்கேதான் நின்றிருந்தார்கள், சும்மாடும் கூடையுமாக. முன்னால் நின்றவர் பெயர் கருப்பாத்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஐம்பது வயதிருக்கும். முதலில் கதவைப் பார்த்தார், அப்புறம் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், பிறகு ஒன்றும் நடக்காததுபோலக் குனிந்து மண்ணை அள்ளத் தொடங்கிவிட்டார்.

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. ஹாலில் இந்தப் பெண்களைச் சொல்லித்தானே நான் உள்ளே நுழைந்தேன்? அவர்கள் பெயரால் கேட்டதை என் பெயரில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

பூட்டைத் திறந்து கையில் எடுத்தேன். புரட்டிப் பார்த்தேன். பித்தளையாக இருந்தால் வார்ப்பு கெட்டுப்போகும், இது நல்ல இரும்பு. உலைக்கு ஏற்றுவதற்குப் பழைய இரும்பை ஒரு தொட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். பூட்டையும் சாவியையும் சேர்த்து அதில் போட்டேன். "ஏனுங்க, ஏனுங்க!" என்று போர்மேன் கத்துவதற்குள் தொட்டி உலைக்கு மேலே போய்விட்டது.

பத்து நிமிடத்தில் பாலுசாமி வந்தார்.

"பூட்டு எங்கீங்க அம்மணி?"

"உருகிட்டிருக்குதுங்க."

அவர் சத்தம் போடவில்லை. "ஆறு வாரம் கழிச்சு உங்க சர்ட்டிபிகேட்டுல நாந்தானுங்க கையெழுத்துப் போடோணும்" என்றார்.

"தெரியுமுங்க. வேற பூட்டு வாங்கியாந்தீங்கன்னா அதுவும் அங்கதானுங்க போகும்."

இதற்குள் வேலை நின்றிருந்தது. கருப்பாத்தாள் அக்கா தலையிலிருந்த கூடையை இறக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முதலாளியைத் தாண்டி நடந்துபோய், கழிப்பறைக்குள் நுழைந்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு பெண் போய்க் கதவருகே நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பாலுசாமி சற்று நேரம் பார்த்துவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

அந்த ஆறு வாரமும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு வேலை இருந்தது. இரும்பு ஊற்றும்போது நின்று பார்த்தேன், கை சுட்டுக்கொண்டேன், எங்கள் வீட்டுப் பல்சக்கரம் ஏன் உடைகிறது என்று கண்டுபிடித்தேன். ஊற்றும்போது உள்ளே காற்று அடைபட்டு விழுகிற ஓட்டை, காற்றுப் புரை. கடைசி நாள் போர்மேன் இரண்டு சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தது. தாஜுன்னிசாவுடையதில் நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தது. என்னுடையதில் அந்த இடம் மட்டும் காலி.

கல்லூரியில் கிருபாசங்கர் சார் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"அய்யோ, இதைப் போய் எந்தக் கம்பெனியில காட்டுவீங்க? நடத்தை காலியா இருந்தா என்ன நெனைப்பாங்க? கொண்டாங்க, நானே 'நன்று'ன்னு எழுதிப்போடறேன்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

காகிதத்தை இழுத்துக்கொண்டேன்.

"தொடாதீங்க சார். அது நான் சம்பாதிச்சது."